பாரணையும் விரதத்தின் அங்கமே

உணவில் மிகுதியும் யோகத்திற்குத் தடை, பட்டினியும் தடை என்று பகவத்கீதையின் ஆறாம் அத்தியாயம் போதிக்கிறது. முதல் தடையைச் சாதகர்கள் எளிதில் அறிந்துகொள்கின்றனர். இரண்டாவதோ, சில வேளைகளில் பக்தியின் கோலத்திலேயே இல்லத்தினுள் நுழைந்துவிடுகிறது.

ஏகாதசி, சோமவாரம், நவராத்திரி என்று மகளின் உபவாச நாட்கள் பெருகுகின்றன. அதை வைராக்கியம் என்று எண்ணிப் பெற்றோர் மகிழ்கின்றனர். அவளோ எலும்பு தெரிய மெலிந்த பின்னும், கண்ணாடியில் தன்னைப் பருமனாகவே காண்கிறாள். விரதம் இறைவனை நாடுவது. உரிய வேளையில் பாரணையோடு நிறைவுறுவது. ‘அனோரெக்சியா’ என்னும் நோயோ எடைக் குறைவையே நாடுவது. அதற்குப் பாரணை இல்லை. அளவின்றி உண்டு, பின் வலிந்து வாந்தியெடுக்கச் செய்யும் ‘புலிமியா’வும் இதற்கு உறவான நோயே. ஆண்பிள்ளைகளையும் இவை பற்றுகின்றன.

‘மனவுறுதி இருந்தால் உண்ணலாமே’ என்று கடிந்துகொள்வதால் பயனில்லை. அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944-45ஆம் ஆண்டுகளில், ஆரோக்கியமான 36 இளைஞர்களுக்கு ஏறக்குறைய ஆறு மாத காலம் உணவு வெகுவாகக் குறைக்கப்பட்டது. உடல் மெலிந்ததோடு அவர்களது மனமும் சோர்ந்தது. பிறரோடு பழகும் விருப்பம் அகன்றது. உணவைப் பற்றிய எண்ணமே அவர்களை ஆட்கொண்டது. பட்டினி, சிந்திக்கும் மனத்தையே பிணித்துவிடுகிறது. ஆகவே முதலில் அன்னம், பிறகே அறிவுரை.

சித்தார்த்தர் கடுந்தவத்தால் உடலை வாட்டி, பின்னர் சுஜாதை அளித்த பாயசத்தை ஏற்றார். உடனிருந்த ஐவர், அவர் தவத்திலிருந்து வழுவிவிட்டதாகக் கருதி விலகினர். ஆயினும் உண்டு தெளிந்த பின்னரே போதி மரத்தடியில் அவருக்கு ஞானம் சித்தித்தது. முதல் கவளத்தை ஏற்கும் மகளுக்கும், ‘வழுவிவிட்டோம்’ என்ற குற்றவுணர்வு எழும். அது வீழ்ச்சியன்று என்று அருகிருந்து உணர்த்துவதே பெரியோர் கடமை.

நெடுநாள் பட்டினி கிடந்த உடலுக்குத் திடீரென மிகுதியாக உணவளிப்பது ஆபத்தாகலாம். மருத்துவரின் மேற்பார்வை இன்றியமையாதது. இளையோருக்கான குடும்பவழிச் சிகிச்சையில், தொடக்கத்தில் பெற்றோரே உணவின் பொறுப்பை ஏற்று, உடனமர்ந்து உண்பிக்கின்றனர். நலம் திரும்பத் திரும்ப அப்பொறுப்பைப் பிள்ளையிடமே ஒப்படைக்கின்றனர். ‘எடையே என் மதிப்பு’ என்ற எண்ணத்தை ஆராய்ந்து களைய உளவியல் சிகிச்சை துணைபுரிகிறது. மத்திய அரசு 2022இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அணுகலாம்.

‘இளைத்தாய், பருத்தாய்’ என்னும் பேச்சு இல்லத்தில் ஒழியட்டும். இறைவனுக்கு நிவேதித்த அன்னம் பிரசாதம் ஆகிறது. அதை அச்சமின்றி உண்ண ஓர் உயிருக்குத் துணையிருப்பதும் இறைவழிபாடே.