கசப்பின் பெயர் கொண்ட மருமகன்

வெளிப்படுத்தின விசேஷம் எட்டாம் அதிகாரத்தில் மூன்றாம் தூதன் எக்காளம் ஊதியதும், பந்தம் போல எரிகிற பெரிய நட்சத்திரம் ஒன்று விழுகிறது. அரண்மனை மேலும் விழவில்லை, படை மேலும் விழவில்லை. ஆறுகளிலும் ஊற்றுகளிலும் விழுகிறது. தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு கசந்துபோகிறது. குடித்தவர்களில் பலர் சாகிறார்கள். அந்த நட்சத்திரத்துக்குத் தமிழ் வேதாகமத்தில் எட்டி என்று பெயர், ஆங்கிலத்தில் வார்ம்வுட்.

சி. எஸ். லூயிஸ் இந்தப் பெயரை எடுத்து ஒரு கற்றுக்குட்டிப் பிசாசுக்கு வைத்தார்.

*

1940 ஜூலை. வானொலியில் ஹிட்லரின் பேச்சைக் கேட்ட இரண்டொரு நாளில், ஆக்ஸ்போர்டை அடுத்த ஹெடிங்டன் குவாரி தேவாலயத்துக்கு ஞாயிறு ஆராதனைக்குப் போனபோது லூயிஸுக்கு யோசனை வந்தது: பழம் தின்று கொட்டை போட்ட பிசாசு ஒன்று, புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிசாசுக்குக் கடிதம் எழுதினால்? 1941இல் ‘தி கார்டியன்’ என்ற ஆங்கிலிக்கன் வார இதழில் 31 கடிதங்கள் வந்தன, 1942இல் நூலாயின. எழுதுவது மாமன் ஸ்க்ரூடேப். பெறுவது மருமகன் வார்ம்வுட். மருமகன் எழுதிய பதில் ஒன்றுகூட நம் கண்ணில் படுவதில்லை. வாங்கும் திட்டுகளை வைத்துத்தான் அவனை நாம் அறிகிறோம்.

*

1961 பதிப்பின் முன்னுரையில் லூயிஸ், பெயர்களுக்கு வாசகர்கள் சொன்ன விளக்கங்கள் எல்லாமே தவறு என்கிறார். காதுக்கு அருவருப்பாக ஒலிக்க வேண்டும், அவ்வளவுதான் தன் நோக்கம் என்கிறார். ஸ்க்ரூடேப்புக்கும், நூலில் வரும் இன்னொரு பிசாசான ஸ்லப்காபுக்கும் அது சரி. அவை அவரே கட்டிய பெயர்கள். வார்ம்வுட் அப்படியல்ல. வேதாகமத்தை வரி வரியாக அறிந்த ஒருவர் அந்தப் பெயரை வெறும் ஓசைக்காக எடுத்திருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை.

செடியாகப் பார்த்தால் அது அப்படியொன்றும் பயங்கரமானதல்ல. ஆர்ட்டிமிசியா பேரினம், சாம்பல் பூத்த இலை, நாக்கில் ஒட்டிக்கொள்ளும் கசப்பு. வயிற்றுப் பூச்சிக்கு மருந்தாகக் கொடுத்திருக்கிறார்கள். நம் பூக்கடைகளில் கதம்பத்தில் வைத்துக் கட்டும் மரிக்கொழுந்தும் அதே பேரினம்தான்.

ஆனால் தீர்க்கதரிசிகளின் வாயில் அது வேறாகிவிடுகிறது. நியாயத்தைக் கசப்பாக்குகிறவர்களை ஆமோஸ் சாடுகிறார். பொய்த் தீர்க்கதரிசிகளுக்கு இதையே உண்ணக் கொடுப்பேன் என்று கர்த்தர் சொல்வதாக எரேமியா எழுதுகிறார். நீதிமொழிகள் ஐந்தாம் அதிகாரத்தில் தேனும் எண்ணெயும் முதலில் வருகின்றன, கசப்பு பின்னால் வருகிறது. இந்த வரிசை எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஸ்க்ரூடேப் கற்றுக்கொடுப்பதும் இதைத்தானே: பெரிய பாவம் எதுவும் வேண்டாம், கால் இடறாத மெல்லிய சரிவு போதும்.

*

மூன்றாம் கடிதம். வார்ம்வுட்டின் பொறுப்பில் இருக்கும் இளைஞன் தன் தாயோடு வசிக்கிறான். தாய்க்கென்று தனியாக ஒரு பிசாசு, பெயர் குளுபோஸ். இரண்டு பிசாசுகளும் சேர்ந்து வீட்டில் தினசரி எரிச்சலை ஒரு பழக்கமாக்க வேண்டும் என்பது மாமனின் உத்தரவு. ஒரு குரல் ஏற்றம், முகத்தில் ஒரு சுளிப்பு, அது போதும். ஜெபத்தையும் விட்டுவைப்பதில்லை: தாயின் ஆத்துமாவுக்காக அவன் உருகி உருகி ஜெபிக்கட்டும், அவள் மூட்டுவலியை மட்டும் நினைக்காமல் இருக்கட்டும்.

இதை வாசிக்கும்போதெல்லாம் நட்சத்திரம் ஏன் ஊற்றில் விழுந்தது என்று கொஞ்சம் பிடிபடுகிறது. ஊற்றுத் தண்ணீரைக் குடிக்கத் துணிச்சல் வேண்டியதில்லை, யோசிக்காமலே குடிக்கிறோம். வெளிப்படுத்தின விசேஷத்தில் யோவான் கண்டது வானம் கொள்ளும் பேரழிவு. லூயிஸ் அதை ஒரு வீட்டுக்குள், தாய்க்கும் மகனுக்கும் நடுவே கொண்டுவந்து வைத்தார். அவரைச் சுற்றி யுத்தம் நடக்கிறது, வானிலிருந்து உண்மையிலேயே நெருப்பு விழுகிறது. ஸ்க்ரூடேப்போ யுத்தத்தைக் கண்டு ரொம்பவும் துள்ளாதே என்று மருமகனை அடக்குகிறார்.

1986 விபத்துக்குப் பிறகு செர்னோபில் என்ற பெயரும் இந்தச் செடிக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று சொல்லி அந்த நட்சத்திரத்தைத் தேடியவர்கள் உண்டு. அங்கே இருப்பது நெருங்கிய உறவுச் செடியின் பெயர். எனக்கு அந்தத் தேடலில் ஆர்வமில்லை. தேதி கண்டுபிடித்த கையோடு நாம் தப்பித்துவிடுகிறோம்.

*

யாத்திராகமத்தில் மாராவின் தண்ணீர் முதலிலேயே கசப்பாக இருக்கிறது. மோசே ஒரு மரத்தைப் போட்டதும் இனிக்கிறது. வேதாகமத்தின் இன்னோர் இடத்தில் நகோமி என்ற பெண், இனி என்னை மாரா, அதாவது கசப்பு, என்றே கூப்பிடுங்கள் என்று ஊராரிடம் சொல்கிறாள். கணவனையும் இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்தவளின் கசப்பு அது. அவளே அதற்குப் பெயர் வைக்கிறாள், ஒளித்துவைக்கவில்லை. வார்ம்வுட் வேலை செய்யும் விதம் வேறு. அவன் பெயர் அந்த இளைஞனுக்குக் கடைசிவரை தெரியாது.

*

இளைஞன் குண்டுவீச்சில் இறந்து கடவுளிடம் போய்விடுகிறான். வார்ம்வுட் தோற்றுவிட்டான். நரகத்தில் தோற்றவர்கள் உணவாகிறார்கள். கடைசிக் கடிதத்தில் மாமனின் பாசம் நாக்கில் எச்சில் ஊறும் பாசம். பெயரே ஒரு சுவையின் பெயராக இருந்தது இதற்குத்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம். எரேமியாவின் வாக்கில் பொய்யர்களுக்குப் பரிமாறப்படும் கசப்பு, இங்கே மாமனின் இலையில் வந்து விழுகிறது.

இந்த நூலை எழுதும்போது தூசியும் தாகமும் நிறைந்த உலகத்தில் இருந்ததாக லூயிஸ் குறித்திருக்கிறார். தொடர்ந்து எழுதக் கேட்டவர்களுக்கு வெகுகாலம் இணங்கவில்லை. 1959இல் ஒரு விருந்துச் சொற்பொழிவாக அந்தக் குரல் திரும்பி வந்தது. பரிமாறிய ஆத்துமாக்களில் ருசியே இல்லை என்று ஸ்க்ரூடேப் அதில் குறைப்பட்டுக்கொள்கிறார்.