பத்து வருஷத்துக்குக் கவலையில்லை

வீட்டு வேலை எதையும் ஒருமுறை நன்றாகச் செய்து முடித்துவிட்டு, அப்புறம் அதை மறந்துவிட வேண்டும் என்றுதான் ஆசைப்படுகிறோம். கடைகளும் அந்த ஆசைக்குத்தான் தீனி போடுகின்றன: பத்து வருஷ வாரண்டி பெயிண்ட், பார்த்தாலே குளிரும் கொரியன் புல்தரை, சர்வீஸ் செலவே வைக்காத கார். கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை கடலோரம் குடியிருப்பவர்களுக்கு இந்த ஆசை கட்டுப்படியாகாது என்பது என் எண்ணம். உப்புக்காற்று எதையும் விட்டுவைப்பதில்லை. 'எத்தனை வருஷம் தாங்கும்?' என்று கேட்பதைவிட, 'கெட ஆரம்பித்தால் கண்ணுக்குத் தெரியுமா, தெரிந்தால் பக்கத்துத் தெருவில் ஆள் பிடித்துச் சரிசெய்ய முடியுமா?' என்று கேட்பதுதான் இங்கே புத்திசாலித்தனம்.

சுவரையே எடுத்துக்கொள்வோம். பொங்கலுக்கு வெள்ளையடிப்பதை வெறும் சம்பிரதாயமாக நினைக்கிறோம். அதற்குள் ஒரு தொழில் கணக்கும் இருந்தது. ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்க்கும் மழை ஓய்ந்து தை பிறக்கும்போதும் சுவருக்குள் ஈரம் மிச்சமிருக்கும். நீற்றிய சுண்ணாம்புக்கு அந்த ஈரம் பகையில்லை. சுவரில் தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு அடிப்பதே முறை. காற்றிலுள்ள கரியமிலவாயுவை இழுத்துக்கொண்டு சுண்ணாம்பு மெல்ல இறுகும். இறுகிய பிறகும் சுவரின் ஈரத்தை வெளியே விடும். இன்று பண்டிகை அதேதான், சாமான்தான் மாறிவிட்டது. காயாத சுவரில் பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, இரண்டு கோட் எமல்ஷன் ஏற்றுகிறோம். அது பிளாஸ்டிக் படலம். தரையிலிருந்து ஏறும் ஓதம் வெளியேற வழியின்றி அதன் பின்னால் தேங்குகிறது; காயும் இடத்தில் உப்பு படிகமாகிப் படலத்தை முட்டித் தள்ளுகிறது. முதலில் முழங்கால் உயரத்தில் சின்னச் சின்னக் கொப்புளங்கள். விரலால் அழுத்தினால் வெள்ளை மாவு கொட்டும். அடுத்த மழைக்குள் அப்பளம் போல ஏடு ஏடாக உரியும். இதற்குப் பெயிண்டைத் திட்டி என்ன பயன்? பங்குனி வெயிலில் காய்ந்த சுவருக்கு அடித்திருந்தால் அதுவும் இன்னும் சில வருஷம் உழைத்திருக்கும். மனம் மாறிச் சுண்ணாம்புக்குத் திரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: எமல்ஷன் மேல் சுண்ணாம்பு ஒட்டாது, முழுக்கச் சுரண்டித்தான் ஆகவேண்டும்.

கருங்கல்லுக்கே இங்கே வாரண்டி கிடையாது. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் கட்டிய மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலில் பல சிற்பங்களின் முகம் மழுங்கிவிட்டது. ஊருக்குள் தள்ளி இருக்கும் அர்ச்சுனன் தபசு எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று ஒப்பிட்டால் உப்புக்காற்றின் வேலை புரியும். தொல்லியல் துறை அங்கே ஒரே மருந்தில் விஷயத்தை முடித்துவிடவில்லை. கடற்பக்கம் பாறைகளைக் கொட்டி அலையைத் தடுத்தார்கள், காற்றுக்குச் சவுக்கு நட்டார்கள். ஈரக் காகிதக் கூழைக் கல்லின்மேல் அப்பி, அது காயும்போது உப்பை இழுத்துக்கொண்டதும் உரித்தெடுத்து, மறுபடியும் அப்புகிறார்கள். காற்று ஓயாதவரை அந்த வேலையும் ஓயாது.

வருஷா வருஷம் இதையெல்லாம் செய்ய ஆளுக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பழைய வீட்டுப் பராமரிப்பைப் புகழ்கிறவர்கள், அந்த வேலையில் பெரும்பகுதி பெண்களின் தலையில், கூலியே இல்லாமல் விழுந்தது என்பதைச் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள். எமல்ஷனும் டைல்ஸும் அந்தச் சுமையை ஓரளவு குறைத்தன. அதை மறுக்க மாட்டேன். ஆனால் முற்றிலும் நீக்கிவிடவில்லை. வருஷத்துக்கு இரண்டு நாள் கூலியாக இருந்தது, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை காரையைக் கொத்திப் பூசும் பெரிய பில்லாக வருகிறது. சின்ன வேலையை வீட்டிலுள்ள எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ளலாம். பெரிய பில்லுக்குக் கடன்தான் வாங்க வேண்டும்.

தோட்டத்தில் விஷயம் இன்னும் எளிது. மணலில் ஊற்றும் தண்ணீர் நிற்காது. புல்தரை கோடையில் குடிக்கிற தண்ணீருக்குக் கணக்கே இல்லை, போர் தண்ணீரை அதிகம் இறைத்தால் உவர்ப்பும் ஏறும். நார்க்கழிவும் ஆட்டு எருவும் கலந்து, சருகால் மூடாக்குப் போட்டு, புன்னை, பூவரசு, நொச்சி, நித்தியகல்யாணி என்று வைத்தால் பாதிக் கவலை விட்டது. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கம்தான் கரை கடந்தது. அப்படிப்பட்ட காற்றில் மரம் ஒடிந்தாலும் பூவரசங்கொம்பை நட்டால் மறுபடி துளிர்த்துக்கொள்ளும்.

அப்படியானால் பழைய காரையும் கடைசிவரை தட்டிக்கொட்டி ஓட்ட வேண்டியதுதானே என்றால், இல்லை. என் வாதத்தை அங்கே இழுக்கக் கூடாது. சுவர் உரிந்தால் அசிங்கம், அவ்வளவுதான். காரின் அடிச்சட்டம் அரித்தால் உயிருக்கு ஆபத்து. கதவின் அடிவிளிம்பில் தண்ணீர் வடிவதற்கென்று சின்னத் துளைகள் உண்டு. மணலும் சருகும் அவற்றை அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளே தங்கித் துரு உள்ளிருந்து வெளியே வரும். குச்சியால் குத்தி அடைப்பை எடுத்து, நல்ல தண்ணீரில் அடிப்பாகத்தைக் கழுவி வந்தால் கார் பல வருஷம் கூடுதலாக ஓடும். அதற்கும் எல்லை உண்டு. பதினைந்து வருஷம் ஆனதும் எஃப்.சி. எடுத்துப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. ஏர்பேக், ஏ.பி.எஸ். கட்டாயமாவதற்கு முந்தைய வண்டிகளில் பல அவை இல்லாமலே ஓடுகின்றன. பி.எஸ்.-6 வண்டியை விட அவற்றின் புகையும் அதிகம். துரு அடிச்சட்டத்துக்குப் போன பிறகு டிங்கரிங் செய்து, பட்டி வைத்து மூடிப் பெயிண்ட் அடிப்பது பராமரிப்பே அல்ல, ஈரச் சுவரில் எமல்ஷன் அடித்த அதே வேலைதான். அப்போது வண்டியை மாற்றிவிட வேண்டும். புதிதாக வாங்கும்போது மைலேஜுக்கு முன்னால் உதிரிபாகத்தை விசாரிப்பது நல்லது. மறைமலை நகரில் தயாரித்த ஃபோர்டே 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்து, அடுத்த வருஷம் அங்கே உற்பத்தியை முடித்துக்கொண்டது. தொழிற்சாலை பக்கத்திலேயே இருக்கிறது என்பதை நம்பி வாங்குவதைவிட, செங்கல்பட்டு மெக்கானிக்குகள் தினமும் கழற்றி மாட்டுகிற வண்டியாகப் பார்த்து வாங்கலாம்.