கூலி தர்மமன்று



ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் சிதம்பரத்தில் ஜனங்கள் திரளும்போது அங்குள்ள ஓட்டல்களைப் பார்த்திருப்பீர்கள். நம் கடலூரிலும் அப்படியே. விடியுமுன் அடுப்பு மூட்டிய சரக்கு மாஸ்டரும், சப்ளையரும், எச்சில் பாத்திரம் கழுவும் ஏழைப் பெண்ணும் இரவு வெகு நேரமாகியும் நின்றபடியே இருப்பார்கள். நாமோ சாப்பிட்டுக் கை கழுவிப் போய்விடுகிறோம். இவர்களுக்கு என்ன கூலி, எத்தனை மணி வேலை என்று நினைத்துப் பார்த்ததுண்டா?

இராஜாங்கம் நினைத்துப் பார்த்தது. 1948-ல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. ஓட்டல் வேலையும் அதற்குள் சேர்க்கப்பட்டது. 1958-ல் சென்னை இராஜ்யத்தில் இயற்றிய உணவு நிறுவனச் சட்டம், நாளைக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வேலைக்கு எல்லை வகுத்தது. வார விடுமுறையும் அளித்தது. 14 வயது நிரம்பாத பிள்ளைகளை ஓட்டலிலும் டீக்கடையிலும் வேலைக்கு வைப்பது 2006 அக்டோபர் 10 முதல் தடுக்கப்பட்டது.

"சாப்பாடும் படுக்க இடமும் கொடுக்கிறேனே, ஒப்புக்கொண்டுதானே வந்தான்?" என்று சில முதலாளிகள் கேட்கிறார்கள். இதற்குப் பாப்பானவர் 13-ம் சிங்கராயர் 1891-லேயே தமது நிருபத்தில் பதில் சொல்லிவிட்டார். ஒப்பந்தத்துக்கு மேலே இயற்கை நீதி ஒன்று உண்டு. சிக்கனமாய் வாழும் தொழிலாளி பிழைப்பதற்குக் கூலி போதாமலிருக்கலாகாது. வயிற்றுக் கொடுமைக்கு அஞ்சிக் குறைந்த கூலிக்கு இசைந்தவன் அநீதிக்கு ஆளானவன் என்பதே அவர் போதனை.

தொழிலாளியின் கூலியை அபகரிப்பது, பரலோகத்தை நோக்கிப் பழி கேட்கும் நான்கு பாவங்களில் ஒன்றென்று சிறு வயதில் ஞானோபதேசத்தில் படித்தோமே! பிடித்துவைத்த கூலியை உண்டியலில் போட்டுவிட்டால் பாவம் தீருமா? தீராது. அது அவனுடைய பணம். அதை அவன் கையில் கொடுப்பதே ஈடு. கூலி நீதியைச் சேர்ந்தது. தர்மம் அதற்குப் பிறகு.

ஓட்டல் நடத்தும் குடும்பத்தாரே, இந்த வாரம் உங்கள் கணக்குப் புத்தகத்தைச் சர்வேசுரனுக்கு முன்பாக விரித்துப் பாருங்கள். உங்கள் வேலையாள் ஞாயிறு பூசைக்கு வர வழியுண்டா என்றும் பாருங்கள்.

வேலை செய்கிற பிள்ளைகளே, உண்மையாய் உழையுங்கள். உரிய கூலியைக் கேட்க அஞ்சாதீர்கள். கேட்டும் கிடைக்காவிட்டால், கடலூரில் தொழிலாளர் துறை அலுவலகம் இருக்கிறது. தனியே போகக் கூச்சமானால் என்னிடம் வாருங்கள்.

சாப்பிடப் போகிற நாமோ, காப்பி தாமதமானதற்காக ஒரு ஏழையை ஏசாதிருப்போம். நாசரேத்தூரில் கைவேலை செய்து திருக்குடும்பத்தைக் காப்பாற்றிய அர்ச். சூசையப்பர் நமக்காக வேண்டிக்கொள்வாராக.

உங்கள் பங்குக் குரு