பழங்கற்படி

சீடன்: சுவாமி, ஆழ்ந்த பக்தியோடு வாழ்ந்த பாட்டி ஒருவர் மறைகிறார். பேரன் அவரை உயிராக நேசித்தவன். ஆனால் அவருடைய பக்தி அவனுக்கு வரவில்லை. அப்படிப்பட்டவன் பாட்டியை நினைப்பது மெய்யான நினைவு ஆகுமா? பக்தியை எடுத்துவிட்டால் அவர் வாழ்வில் மிஞ்சுவதுதான் என்ன?

குரு: சோழ நாட்டுப் பாட்டி ஒருவரின் வாழ்வை வைத்து இதை ஆராயலாம். செம்பியன் மாதேவி மழவரையர் மகள். முதலாம் பராந்தகனின் மகன் கண்டராதித்தருக்கு வாழ்க்கைப்பட்டவர். தில்லைக் கூத்தன்மேல் கண்டராதித்தர் பாடிய திருவிசைப்பா ஒன்பதாம் திருமுறையில் உள்ளது. அவர் 957ஐ ஒட்டி மறைந்தபோது மகன் உத்தம சோழன் சிறுபிள்ளை. அரசி அதன்பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். கணவரின் தம்பி அரிஞ்சயனுடைய பேரன்தான் முதலாம் இராசராசன். அந்த முறையில் தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவனுக்கு இவர் பாட்டி.

அந்த நெடுங்காலத்தை அவர் ஒரே வேலையில் செலவிட்டார். செங்கல்லால் ஆன பழைய தளிகளைக் கற்றளிகளாக மாற்றினார். திருநல்லம், திருமுதுகுன்றம், திருத்துருத்தி, தென்குரங்காடுதுறை, திருக்கோடிகா, திருவாரூர் அரநெறி என அந்தப் பட்டியல் நீள்கிறது. திருவக்கரையில் கற்றளி எழுந்தது 1001இல், இராசராசன் ஆட்சியில். செங்கல் சுவரில் அரசங்கன்று வேர் விட்டால் சில மழைக்காலத்திலேயே சுவர் பிளக்கும். கல் அப்படிச் சட்டென்று விட்டுக்கொடுக்காது, எழுத்தையும் தாங்கும். நினைவுக்கும் இந்த இரண்டு நிலைகளும் உண்டு. பாட்டி போன முதல் ஆண்டில் அவர் குரல் காதில் கேட்கிறது, சேலை மணம் நெஞ்சில் நிற்கிறது. அது செங்கல் தளி. அதை அப்படியே விட்டால் இடிந்துவிடும்.

சீடன்: அன்பு குறைகளை மறைத்துவிடுமே, சுவாமி? பாட்டியிடம் கோபமும் பிடிவாதமும் இருந்திருக்கும் அல்லவா?

குரு: இருந்திருக்கும். அவற்றையும் சேர்த்தே நினைக்க வேண்டும். அது பெரிய தடை அன்று.

சீடன்: இறந்தவருக்கு நம் நினைவு எட்டுமா என்பதும் ஐயம்தான்.

குரு: அது வேறொரு நாள் பேச வேண்டியது. முதற்கேள்விதான் கடினமானது, அதற்குத் திருக்கோடிகாவுக்குப் போக வேண்டும்.

அங்கே பழைய கோயிலைப் பிரித்தபோது, பல்லவர், பாண்டியர் காலத்துச் சாசனங்கள் பொறித்த கற்கள் இருந்தன. விளக்கெரிக்கப் பொன், அமுதுபடிக்கு நிலம் என்று யார் யாரோ கொடுத்த கொடைகள். கொடுத்தவர்கள் சோழர் குடியினர் அல்லர்; மறைந்து நெடுங்காலம் ஆகிவிட்டது. புதுக் கோயில் கட்டுபவர் பழைய கற்களை அடித்தளத்தில் போட்டு மூடியிருக்கலாம். எல்லாப் புகழையும் தம் பெயருக்கே எழுதியிருக்கலாம். செம்பியன் மாதேவி இரண்டையும் செய்யவில்லை. பழைய சாசனங்களைப் புதுச் சுவரில் மறுபடி வெட்டச் செய்தார். அப்படி வெட்டியவற்றின் தலைப்பிலேயே, இது பழைய கல்லின் படி என்ற குறிப்பும் சேர்க்கப்பட்டது. அந்தக் குறிப்புக்குள்தான் இந்த ஐயத்தின் விடை இருக்கிறது.

படி எடுத்த தச்சன் அந்தக் கொடையைக் கொடுத்தவன் அல்லன். கொடுத்தவரின் பக்தி அவனுக்கு இருந்ததா என்று எவரும் கேட்பதில்லை. அவனிடம் கேட்கப்படுபவை இரண்டே. எழுத்து பிழையாகக் கூடாது. படியை மூலம் என்று சொல்லக் கூடாது. பக்தி இல்லாத பேரன் நிற்கும் இடமும் அதுதான்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளலாம். அடுக்களை மூலையில் சிறு மண்பானை. உலைக்கு அரிசி களையுமுன் பாட்டி ஒரு பிடி அள்ளி அதில் போடுவார். பானை நிறைந்ததும் கோயிலுக்குப் போகும். வீட்டில் அரிசி குறைந்த நாளிலும் அந்தப் பிடி குறையவில்லை. இதைப் பிற்காலத்தில் சொல்லும் பேரன் இரண்டு விதமாகத் தவறலாம். தனக்கும் அந்தப் பக்தி உண்டு என்று காட்டிக்கொள்வது ஒன்று. அது படியை மூலம் என்பது. பாட்டிக்கு உண்மையில் முக்கியமாக இருந்தது ஏழைகளின் பசிதான், சாமி ஒரு சாக்கு என்று விளக்குவது மற்றொன்று. இதுவே கூடுதல் கேடு, ஏனெனில் அன்பின் பெயரால் நடக்கிறது. பழைய எழுத்தைச் செதுக்கி எறிந்துவிட்டுத் தன் எழுத்தை வெட்டுவதற்கு இது சமம். பாட்டி அந்தப் பிடியைச் சிவனுக்கென்றே அள்ளினார். சிவனை நீக்கினால் அள்ளிய கையும் பாட்டியுடையதாக இராது. ஆகவே பேரன் நம்ப வேண்டியதில்லை. பாட்டி நம்பினார் என்பதை ஒரு சொல்லும் குறைக்காமல் சொன்னால் போதும். அந்த நினைவு மெய்யானதே.

திருநல்லம் இன்று கோனேரிராசபுரம். அக்கோயிலின் தெற்குச் சுவரில் கண்டராதித்தர் சிவலிங்கத்தை வழிபடும் சிற்பம் இருக்கிறது. கணவரின் பெயரால் அந்தக் கற்றளியை எடுப்பித்தது செம்பியன் மாதேவி என்று கீழே உள்ள எழுத்து கூறுகிறது. இறந்த கணவரை நினைத்த மனைவி, பூசை செய்யும் கோலத்திலேயே அவரைச் சுவரில் நிறுத்தினார்.

நாகப்பட்டினத்தை அடுத்து அந்த அரசியின் பெயரையே தாங்கிய ஊர் ஒன்று உண்டு. அங்குள்ள கைலாசநாதர் கோயிலில், கொள்ளுப்பேரன் முறையான முதலாம் இராசேந்திரன் 1019இல் அவருக்குச் செப்புத் திருமேனி எழுந்தருளச் செய்தான். அவர் பிறந்த நாள் சித்திரைக் கேட்டை. அந்த நாளில் விழா எடுக்க நிவந்தம் விடப்பட்டது. இன்றும் அவ்வூரில் சித்திரைக் கேட்டையன்று அவருக்கு விழா நடக்கிறது.