செல்லாத் தாளின் கடன்

பழைய நோட்டுகளைச் சேகரிப்போரிடம் ஒரு வழக்கம் உண்டு. மடிப்போ கறையோ இல்லாத தாளுக்கே அவர்கள் மிகுந்த விலை கொடுப்பர், கசங்கியதை ஒதுக்கிவிடுவர். மெக்ஸிகோ நாட்டுப் புரட்சிக் காலத்து நோட்டுகளைக் காணும்போதெல்லாம் இவ்வழக்கம் நம்மை உறுத்துகிறது.

1913 பிப்ரவரியில் தளபதி வெர்த்தா ஆட்சியைக் கைப்பற்ற, ஜனாதிபதி மதேரோ கொல்லப்பட்டார். வெர்த்தாவை எதிர்த்துக் கிளம்பிய படைகளுக்குச் செலவுக்கு நாணயம் இல்லை. மக்களோ வெள்ளியையும் பொன்னையும் மறைத்து வைத்துக்கொண்டனர். ஆகவே படைத்தலைவர்களும் மாநிலங்களும் நகரங்களும் தாமே நோட்டு அச்சிடத் தொடங்கினர். அவ்வாண்டு டிசம்பரில் சிவாவா நகரைப் பிடித்த பாஞ்சோ வில்லா வெளியிட்ட நோட்டுகளை மக்கள் 'படுக்கை விரிப்பு' என்றழைத்தனர். 1914இல் வந்த மற்றொரு தாளில் மதேரோவின் முகமும், சிவாவா ஆளுநராயிருந்து கொலையுண்ட ஆப்ரஹாம் கோன்சாலஸின் முகமும் இருந்தன. 'இரு குட்டி முகங்கள்' என்று அதற்குப் பெயர். கொல்லப்பட்ட இருவரே பிணை! வாங்க மறுத்தால் சிறை.

1915இல் வில்லா தோற்றார். அவருடைய தாளும் வீழ்ந்தது. எதிரணித் தலைவர் கரான்சா 1916இல் நியூயார்க்கில் அச்சிட்டுப் புதுநோட்டு ஒன்றை இறக்கினார். 'போலி செய்ய இயலாதது' என்பது அதன் பெயர். அவ்வாண்டு முடிவதற்குள் அதன் மதிப்பும் அநேகமாகக் கரைந்துவிட்டது.

செல்லாமற்போன காசின் கடன் எவ்வாறு தீரும் என்பது, செப்புக்காசுகளைக் குறித்து நம் சட்டமேதைகள் அன்றே ஆராய்ந்த வினா. கடன்பட்டவர் வாங்கிய காசின் வகையையே திருப்பினால் போதும் என்றார் இமாம் அபூ ஹனீஃபா. அவர்தம் மாணவர் இமாம் அபூ யூஸுஃபோ, வாங்கிய நாளில் அக்காசுக்கிருந்த மதிப்பைத் தரவேண்டும் என்றார். நம் மனம் மாணவர் பக்கமே சாய்கிறது. ஆனால் சிறைக்கஞ்சித் தன் சோளத்தைத் தாளுக்கு விற்ற குடியானவன் அம்மதிப்பை யாரிடம் போய்க் கேட்பான்?

சேகரிப்பது குற்றம் என்று நாம் கூறவில்லை. பேணுவோர் இல்லையேல் சாட்சியும் இல்லை. ஆயினும் மடிப்பற்ற தாள் ஒருவேளை எவரையும் ஏமாற்றாமலே ஆல்பத்துக்கு வந்திருக்கலாம். கசங்கியதோ, யாரோ ஒருவர் உழைப்பைக் கொடுத்து வாங்கிய தாள். நம்மிடமுள்ள ஒரே இருமுகத் தாள் நான்காக மடிக்கப்பட்டு, மடிப்பிலே கிழிந்தது. விற்றவர் அதற்காக வருந்தி விலையைக் குறைத்துக் கொண்டார். கிழிசலை ஒட்டி, சுருக்கம் நீக்கித் தருவதாக நண்பர் ஒருவர் முன்வந்தார். வேண்டாமென்று சொல்லிவிட்டோம்.