நாற்பது ஏக்கர்

போன மாதம் ஜாசினில் சில பிள்ளைகளுக்காக அறிவியல் புதிர்ப்போட்டி ஒன்று தயாரித்தேன். ஒரே ஆண்டில் நடந்தவை மட்டும் என்று விதி வைத்துக்கொண்டு 1896ஐ எடுத்தேன். அந்த ஆண்டில் பஞ்சமே இல்லை. பாரிசில் பெக்கரல், யுரேனிய உப்பிலிருந்து தானாக வெளிவரும் கதிர்களைக் கண்டார். லண்டனில் மார்க்கோனி கம்பியில்லாத் தந்திக்குக் காப்புரிமை கேட்டார். டெட்ராய்ட்டில் ஹென்றி ஃபோர்டு நான்கு சைக்கிள் சக்கரங்களின்மேல் எந்திரத்தை ஏற்றி ஓட்டினார். ஸ்வீடனில் அர்ரேனியஸ், கரியமில வாயு கூடினால் பூமி எவ்வளவு சூடாகும் என்று கணக்குப் போட்டு வெளியிட்டார்.

கடைசி வரியில் நம்ம மலாக்கா. மரவள்ளி பயிரிட்டு வந்த டான் சாய் யான், புக்கிட் லிந்தாங்கில் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். மலாயாவில் வணிகத்துக்காக நட்ட முதல் ரப்பர் தோட்டம் அது. ஊக்கம் கொடுத்தவர் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் ரிட்லி.

பெருமையாகப் பாட்டியிடம் வாசித்துக் காட்டினேன். முப்பது வருசத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். "நாப்பது ஏக்கரையும் அவரு ஒருத்தரேவா நட்டாரு?" என்றார். கேலி இல்லை, நிஜமாகவே ஆள்கணக்குக் கேட்டார்.

எனக்கு உறைத்தது. ரிட்லியைப் பற்றிச் சொல்லிச் சமாளித்தேன். பிரேசில் காடுகளில் மரத்தைக் கோடரியால் கொத்திப் பால் எடுத்தார்கள். ரிட்லியோ, ஒரே வெட்டைத் திரும்பத் திரும்ப மெல்லிசாகச் சீவினால் பால் கூடும், மரமும் சாகாது என்று காட்டினார். பாட்டி கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு மெல்லிசுன்னு சொன்னாரா?"

அதுதானே விஷயம். ஆழம் குறைந்தால் பால் வராது. கொஞ்சம் கூடினால் மரத்தில் காயம், புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், அந்த இடத்தில் அப்புறம் உளி வைக்க முடியாது. இதை விடியுமுன்னே, தலைவிளக்கு வெளிச்சத்தில், ஒரு நெரையில் நானூறு ஐந்நூறு மரத்துக்குச் செய்ய வேண்டும்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கைக்குத் தெரியும்யா. சத்தம் மாறும்."

"அப்ப நீங்களும் விஞ்ஞானிதான் பாட்டி" என்றேன். அவர் முகம் சுருங்கியது. "படிக்க விட்டிருந்தா நான் எதுக்கு உளியப் புடிக்கிறேன்?"

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். ரிட்லிக்குத் தப்பு செய்து பார்க்க நேரம் இருந்தது, அதற்குச் சம்பளமும் இருந்தது. பாட்டி தப்பு செய்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள். இரண்டையும் 'அறிவு' என்று ஒரே பேரில் அழைத்தால், அவருக்கு மறுக்கப்பட்டதை மூடி மறைக்கிறோம். அழைக்காமல் விட்டால், அவர் கை கற்றதையே இல்லை என்கிறோம். விட்டுவிடுவதுதான் பெரிய தப்பு என்று எனக்குப் படுகிறது. ஆனால் பட்டம் சூட்டுவது சோம்பேறித்தனம். எழுதுவதென்றால் பிடித்த சம்பளத்தையும் சேர்த்தே எழுத வேண்டும். (ஃபோர்டின் வாரிசுகளுக்கு டயர் வேண்டியிருந்தது, அதற்காக இங்கே காடு தோட்டமானது. அந்த வண்டிகளின் புகை இப்போது அர்ரேனியஸின் கணக்கில் வந்து நிற்கிறது. ஒரே ஆண்டுப் பட்டியலின் வரிகள் ஒன்றையொன்று தெரியாதவை அல்ல.)

போட்டியில் ஒரு கேள்வி கூடச் சேர்த்தேன்: 40 ஏக்கர் ரப்பர் நட எத்தனை ஆள் வேண்டும்? பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. என்னிடமும் விடை இல்லை. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பாட்டி விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தார்.

"ஒரு ஆளு ஒரு நாளைக்கு எத்தன குழி வெட்டுவான்... இரு, மொதல்ல காடு அழிக்கணும்ல, அவங்களையும் சேக்கணும்."