மூடி போட்டு எடுத்த படம்

சில வருடங்களுக்கு முன்பு, ஒரு சித்திரை இரவில், கோபிச்செட்டிபாளையம் பக்கம் எங்கள் ஊர் வீட்டு மொட்டைமாடியில் நட்சத்திரங்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். நான்கு நிமிட எக்ஸ்போஷர். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் சிவப்பிலும் பச்சையிலும் நீலத்திலும் கூர்மையான புள்ளிகள். பூமி சுழல்வதால் நிஜ நட்சத்திரங்கள் சின்னக் கோடுகளாக இழுபட்டிருந்தன. இந்தப் புள்ளிகள் மட்டும் நகரவே இல்லை. ஏனென்றால் அவை வானத்தில் இல்லை, என் கேமராவுக்குள் இருந்தன.

சென்சாரில் ஒவ்வொரு பிக்சலும் ஒளியை மின்னூட்டமாகச் சேர்த்துவைக்கும் ஒரு கிண்ணம் மாதிரி. ஒளியே விழாவிட்டாலும் வெப்பத்தால் அதில் கொஞ்சம் மின்னூட்டம் கசிந்து சேரும். சில கிண்ணங்களில் மட்டும் அளவுக்கு மீறிக் கசியும். அவைதான் ஹாட் பிக்சல்கள். சூடு ஏறத்தாழ 6 முதல் 8 டிகிரி கூடினாலே கசிவு இரட்டிப்பாகும். பகலில் 1/500 நொடியில் எடுக்கும் படத்தில் இந்தக் கோளாறு கண்ணில் படாது. நீண்ட இரவும் சூடும் சேர்ந்தால்தான் வெளியே வரும்.

இதைச் சரிசெய்ய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று பிக்சல் மேப்பிங். ஒலிம்பஸ் போன்ற கேமராக்களில் மெனுவிலேயே இருக்கும். ஷட்டரை மூடிக்கொண்டு, இருட்டிலும் வெளிச்சம் தெரிகிறது என்று சொல்லும் பிக்சல்களைக் கேமரா பட்டியல் எடுக்கும். அதற்குப் பிறகு அவற்றிடம் எதையும் கேட்காது. அக்கம்பக்கத்துப் பிக்சல்கள் சொல்வதை வைத்து அந்த இடத்தை நிரப்பிவிடும். புதுக் கேமராவிலேயே தொழிற்சாலை போட்ட பட்டியல் ஒன்று இருக்கும், நமக்குத் தெரியாது.

இரண்டாவது வழி, இருட்டுப் படத்தைக் கழிப்பது. நான்கு நிமிடம் படம் எடுத்த கையோடு, ஷட்டரை மூடி இன்னொரு நான்கு நிமிடம் வெறும் இருட்டை எடுக்க வேண்டும். ஒவ்வொரு பிக்சலும் ஒன்றுமில்லாதபோது எவ்வளவு மிகைப்படுத்துகிறது என்பது அதில் பதிவாகும். அதை முதல் படத்திலிருந்து கழித்தால் மிச்சம் இருப்பது அந்தப் பிக்சல் உண்மையிலேயே பார்த்த ஒளி. முழுக்கத் துல்லியம் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பிக்சலின் சாட்சியம் கணக்கில் இருக்கும்.

அன்று அந்த இரண்டாவது நான்கு நிமிடத்துக்காகக் காத்திருந்தபோதுதான் அத்தை மாடிக்கு வந்தார். "வயித்துக்குள்ள என்னமோ பண்ணுது கண்ணு" என்றார். முட்டி வலி, தலைசுற்றல், நெஞ்செரிச்சல் என்று அத்தைக்கு எப்போதும் ஏதாவது இருக்கும். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து வீட்டில் இதற்கு ஒரே பதில்தான்: "அது அப்படித்தான் சொல்லும்." நானும் கேமராவைப் பார்த்தபடியே "கசாயம் வச்சுக் குடிங்க அத்தை" என்றேன். எட்டு மாதம் கழித்து டாக்டர் ஸ்கேனைக் காட்டி, ரொம்பத் தாமதமாக வந்திருக்கிறீர்கள் என்றார். 'நாங்கள்தான் தாமதம், அத்தை அப்பவே சொல்லிட்டாங்க' என்று அவரிடம் எங்களில் ஒருவரும் சொல்லவில்லை.

"அது அப்படித்தான்" என்பது நம் வீடுகளின் பிக்சல் மேப்பிங். ஒருமுறை பட்டியலில் ஏறிவிட்டால் போதும். அதற்குப் பிறகு அத்தையின் உடம்பு எப்படி இருக்கிறது என்று அப்பாவையும் சித்தப்பாவையும் கேட்டே தெரிந்துகொண்டோம். "நல்லாத்தான் இருக்கு."

அக்கம்பக்கத்தைக் கேட்டு நிரப்புவதே பொய் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலான கேமராக்களில் ஒரு பிக்சல் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்றைத்தான் பார்க்கும். மற்ற இரண்டும் அக்கம்பக்கத்திலிருந்து ஊகித்தவை. ஆக, நாம் பார்க்கும் வண்ணப்படத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஊகம்தான். ஆனால் அங்கே ஒவ்வொரு பிக்சலிடமும் அதன் பங்கைக் கேட்டுவிட்டுத்தான் ஊகிக்கிறோம். கேட்பதையே நிறுத்திவிடுவது வேறு விஷயம்.

எல்லோரையும் கழித்துப் பார்த்துக் கேட்டுவிடவும் முடியாது. உச்ச அளவிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும் பிக்சலில் கழித்த பிறகு மிச்சம் எதுவும் இருக்காது. அதைப் பட்டியலில் போடுவதுதான் நியாயம். ஆனால் கேமரா குறைந்தபட்சம் மூடி போட்டுச் சோதித்துவிட்டுத்தான் பட்டியல் போடுகிறது. நாங்கள் அத்தையைச் சோதிக்கவே இல்லை. சோதிக்க வேண்டுமென்றால் நான்கு நிமிடத்துக்கு நான்கு நிமிடம் அவர் பக்கத்தில் உட்கார வேண்டும். அதே சூட்டில், படம் எதுவும் கிடைக்காத இருட்டில். அந்த நான்கு நிமிடத்தை நான் கேமராவுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியில் கதிர்வீச்சு தாக்கித் தாக்கிப் புதிய ஹாட் பிக்சல்கள் உருவாகிக்கொண்டே இருக்கும். அதனால் ஏறத்தாழ மாதம் ஒருமுறை, குளிரில் வைத்திருக்கும் சென்சார்களைச் சூடாக்கி மறுபடி குளிர்விப்பார்கள். புதிதாகக் கெட்டவற்றில் பல பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அதாவது அங்கே பட்டியலை மாதாமாதம் திறந்து பார்க்கிறார்கள்.

அம்மா இப்போதெல்லாம் போனில் முட்டி வலி என்று ஆரம்பிக்கிறாள். ஆபீஸ் அவசரத்தில் நானும் "சரிம்மா, வச்சிரட்டுமா" என்றுதான் சொல்கிறேன். வைத்த பிறகு, சில நாள், திரும்பக் கூப்பிட்டு "எந்த முட்டி?" என்று கேட்கிறேன்.